தணலுக்குப் புகை கிடையாது

1. டோக்கன் வேண்டாம்

மார்கழி மாதக் காலையில் போன் செய்து "டோக்கன் வேண்டாம்" என்று சொல்பவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். செல்லூரில் நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த குழந்தைகள் மருத்துவமனையில் அந்த மாதம் முழுவதும் ஓ.பி.யில் திருவிழாக் கூட்டம்தான். வைகைப் பக்கமிருந்து பனி இறங்கும். தறி ஓடும் சந்துகளில் பஞ்சுத் தூசி வேறு. பகலெல்லாம் ஓடியாடும் பிள்ளை படுக்கையில் சாய்ந்ததும் இருமத் தொடங்கும். விடிந்ததும் தூக்கம் கெட்ட அம்மாக்கள் எங்கள் வாசலில் நிற்பார்கள். ஒரு டோக்கன் குறைந்தால் எனக்கு ஒரு சண்டை குறையும்.

அன்று போன் செய்தவர் பாண்டி. விசைத்தறியில் இரவு ஷிப்ட் பார்ப்பவர். முந்தின நாள் மாலைதான் அவரும் மனைவி லட்சுமியும் இரண்டு வயது மகள் யாழினியைக் கொண்டுவந்து காட்டியிருந்தார்கள். நெஞ்சில் ஒன்றும் இல்லை, வைரஸ் சளிதான், சில நாள் இழுத்துத்தான் போகும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இருமல் சிரப் எழுதவில்லை. வழக்கம்போல நான்தான் லட்சுமியை உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். கொசுவத்தி கூடாது, சாம்பிராணி கூடாது, ஊதுபத்தி கூடாது, பிள்ளை படுக்கும் அறையில் புகையே கூடாது. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். மறுநாள் காலையில் இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று டோக்கனும் போட்டுக் கொடுத்திருந்தேன்.

"சிஸ்டர், பாப்பாவுக்கு இருமல் நின்னுபோச்சு. நல்லாத் தூங்குறா. எங்க டோக்கன வேற பிள்ளைக்குக் குடுத்துருங்க" என்றார் பாண்டி.

நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு பெயரை அடிக்கப் போனேன். கை நின்றுவிட்டது. நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. நல்ல சேதி வந்தால்கூட அதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று எட்டிப் பார்ப்பேன். அந்த மாதிரி இருமல் ஒரே ராத்திரியில் குறையலாம், அடியோடு நிற்காது. ராத்திரி என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டேன். எதுவும் கொடுக்கவில்லையாம். அவர் இப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்தாராம். தன்னிடமிருந்த சாவியால் வாசல் கதவைத் திறந்து, உள் அறையை எட்டிப் பார்த்தாராம். தாயும் பிள்ளையும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்களாம். பனிக்காற்று உள்ளே போகக் கூடாது என்று அறைக் கதவை மறுபடி சாத்திவிட்டு வாசலில் நின்று பேசுகிறாராம்.

"உள்ள நல்ல கதகதப்பா இருக்கு சிஸ்டர். சன்னல அடைச்சுட்டுக் கரிச்சட்டி வச்சிருக்கா."

சாம்பிராணி போட்டாளா என்று கேட்டேன்.

"இல்ல சிஸ்டர். பொகையே ஆகாதுன்னு சொன்னீகல்ல. நான் வேலைக்குக் கெளம்பையிலயே அயர்ன் வண்டிக்காரர்ட்ட கரி வாங்கி, தெருவுல வச்சு ஊதிக்கிட்டு இருந்தா. பொகை பூராம் போனப்புறந்தான் உள்ள வச்சிருப்பா. வெறும் தணல்தான்."

லட்சுமி எங்கள் பேச்சை மீறவில்லை. ஒரு சொல் பிசகாமல் கேட்டிருக்கிறாள். புகை வேண்டாம் என்றோம், புகையை வெளியிலேயே விட்டுவிட்டுத் தணலை உள்ளே கொண்டுபோனாள். பஞ்சும் பனியும் வராமல் இருக்கச் சன்னலை அடைத்தாள். நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். புகையாமலே கொல்லுகிற நெருப்பும் உண்டு. அடைத்த அறையில் தணலிலிருந்து வரும் வாயு கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அது தூங்குகிறவர்களை மேலும் மேலும் தூங்கவைக்கும், இருமக்கூட விடாது.

"தம்பி, கதவத் தெறங்க. மொதல்ல பிள்ளையத் தூக்கிட்டுத் தெருவுக்கு வாங்க. அடுத்து லட்சுமி. உள்ள நிக்காதீங்க."

"வெளிய பனி அடிக்குது சிஸ்டர்."

"அடிக்கட்டும். தூக்குங்க."

அவர் போனை அணைக்காமல் எங்கேயோ வைத்துவிட்டு ஓடினார். கதவு மோதும் சத்தம் கேட்டது. பிறகு "லட்சுமி, லட்சுமி" என்று கூப்பிடுவது கேட்டது. பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். குரல் மாறிக்கொண்டே போனது. நான் ஒரு காதில் அதைக் கேட்டுக்கொண்டே இன்னொரு போனில் 108-க்குத் தெருப் பெயரைச் சொன்னேன். அத்தனை வருஷ சர்வீஸில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். எல்லாம் கண்ணெதிரே நடந்தவை. பார்க்கிற ஆபத்தை விடக் கேட்கிற ஆபத்து கொடியது.

2. மெஷினை நம்பாதே

ஆம்புலன்ஸ் அந்தச் சந்துக்குள் நுழைவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரையும் ஆட்டோவில் போட்டு எங்களிடமே கொண்டுவந்துவிட்டார்கள். லட்சுமிக்கு அரை நினைவு. தலை வெடிக்கிறது என்று முனகினாள், ஆட்டோவிலேயே வாந்தி எடுத்திருந்தாள். யாழினி பாண்டியின் தோளில் துணி மாதிரி தொங்கினாள். மூச்சு இருந்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. கன்னம் கிள்ளினால் முகம் லேசாகச் சுளித்தது, அவ்வளவுதான்.

டாக்டரம்மா மாடியிலிருந்து ஓடி வந்தார். இருவருக்கும் மாஸ்க் வைத்து ஆக்ஸிஜனை முழுதாகத் திறந்தோம். நான் குழந்தையின் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினேன். தொண்ணூற்றெட்டு காட்டியது. எனக்கு உயிர் வந்தது. பாண்டியிடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அந்த நம்பர இதுல நம்பக் கூடாது சிஸ்டர். கரி வாயு ரத்தத்துல ஏறியிருந்தாலும் மெஷின் நல்லாத்தான் காட்டும். மாஸ்க்க எடுத்துறாதீங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்" என்றார் டாக்டரம்மா.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். நல்ல நம்பரைப் பார்த்துக்கொண்டே பயந்தது அன்றுதான். கெட்ட நம்பர் வந்தால் எங்களுக்கு வேலை தெரியும். நல்ல நம்பர் பொய் சொல்கிறது என்றால் எதைப் பிடித்துக்கொள்வது? பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சந்துக்குப் போன 108 எங்கள் வாசலுக்கு வந்ததும் இருவரையும் ஏற்றி, நானும் கூடவே ஏறினேன். வைகைப் பாலம் ஏறும்போது பாண்டி மகளின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் மாஸ்க்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஜெபத்தையெல்லாம் வரிசை மாறிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியாஸ்பத்திரி வாசல் தெரிகிற நேரத்தில் யாழினியின் நெஞ்சு ஒருமுறை தூக்கிப் போட்டது. பிறகு இருமினாள். வறண்ட, குரைக்கிற மாதிரியான அதே இருமல். விடாமல் இருமினாள், இருமிக்கொண்டே அழுதாள்.

பாண்டி பதறிப் போனார். "மறுபடி வந்துருச்சே சிஸ்டர். என்ன செய்ய?"

"இருமட்டும் தம்பி. நல்லா இருமட்டும்" என்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

3. லட்சுமி கேட்டது

இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். பெரியாஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு லட்சுமி குழந்தையோடு எங்களிடம் செக்கப்புக்கு வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அது ஆகாது, இது ஆகாதுன்னு சொன்னீக சிஸ்டர். அப்ப ராத்திரி இருமுனா நான் என்னதான் செய்யுறது?"

நியாயமான கேள்வி. மறுபடி உட்காரவைத்தேன். ஒரு வயது தாண்டிய பிள்ளை என்பதால் படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன் கொடுக்கலாம் என்றேன். ஒரு வயதுக்குள் இருந்தால் தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. மூக்கடைப்புக்கு உப்புத் தண்ணீர் டிராப்ஸ். வெதுவெதுப்பான தண்ணீர் அடிக்கடி. குளிருக்கு ஸ்வெட்டர், காலுறை, போர்வை, அம்மாவின் அணைப்பு. சன்னலில் ஒரு விரல் இடைவெளியாவது எப்போதும் திறந்திருக்கட்டும். மூச்சு இழுக்கும்போது விலா உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, குடிக்க மறுத்தாலோ நேரம் பார்க்காமல் தூக்கிக்கொண்டு வர வேண்டும். தணல் மட்டும் எந்த உருவத்திலும் படுக்கும் அறைக்குள் வரவே கூடாது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். எழுந்து போகும்போது திரும்பி நின்று சொன்னாள்: "இப்ப அவ இருமுனாத்தான் சிஸ்டர் எனக்குத் தூக்கம் வருது. சத்தமில்லாமக் கெடந்தா எந்திரிச்சு எந்திரிச்சு மூக்குல கை வச்சுப் பாக்குறேன்."

அவள் தோளைத் தட்டி அனுப்பினேன்.

இப்போது ஓய்வு பெற்று விளாங்குடியில் இருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் பிள்ளைகள் யாராவது வீட்டுக்கு வந்தால் இந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்புவதில்லை. கூடாது, கூடாது என்று பட்டியல் போட்டு அனுப்பினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நாம் சொல்லாமல் விட்ட இடத்தில் தாய் தன் அன்பைப் போட்டு நிரப்புவாள். அதனால் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்: இன்றைக்கு ராத்திரி குளிருக்கு என்ன செய்யப் போகிறாய்? லட்சுமிக்குப் பிறகு நான் ஒவ்வொரு அம்மாவிடமும் அதைக் கேட்டேன். தணல் சட்டி வைப்போம் என்று எத்தனை பேர் சிரித்த முகத்தோடு சொன்னார்கள் தெரியுமா? கேட்கக் கேட்க எனக்குப் பயம் கூடித்தான் போனது. ஆனாலும் கேளுங்கள்.