சோளக்காட்டில் நான் சொன்ன பதில்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால், "டவர் கிடைக்கிற ஊரில் அதுக்கெல்லாம் என்ன வேலை" என்று கேட்டு வாயை அடைக்கிற ஆள் நான். திண்டுக்கல் பேகம்பூரில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். கம்பெனிக்காரன் போட்ட பூட்டை உடைத்து, வேறு சாஃப்ட்வேர் ஏற்றி, செத்துப்போன போனை ஓட வைப்பதுதான் என் பிழைப்பு. போனுக்குள் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, நம்பப்போவதில்லை. பரவாயில்லை, கேளுங்கள்.

அது நோன்பு மாதம். சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து பாக்கியம் அக்கா என்று ஒருவர், ஒரு பழைய போனை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார். அவர் வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்ச் சில மாதம் ஆகியிருந்தது. அந்தப் போனில் அவர் குரல் இருக்கிறது, எடுத்துத் தர வேண்டும் என்றார். என்ன குரல் என்று கேட்டேன். மயில் விரட்டுகிற குரலாம்.

உங்களுக்கே தெரியும், நம் பக்கத்தில் மயில் தொல்லை எப்படி என்று. சோளம் பால் பிடிக்கும்போது கூட்டமாக வந்து இறங்கும். முருகன் வாகனம், கல்லெடுத்து எறியவும் கை வராது, எறிந்தால் கேஸ் வேறு. சத்தம் ஒன்றுதான் வழி. தள்ளுவண்டியில் தக்காளி விற்பவர்கள் வைத்திருப்பார்களே, அந்தக் குழாய் ஸ்பீக்கரை மரத்தில் கட்டி, சொந்தக் குரலிலேயே "ஹேய், ஹோய்" என்று போனில் பதிந்து, அதோடு இணைத்துப் பகலெல்லாம் ஓடவிடுவார்கள். அக்கா வீட்டுக்காரரும் அப்படித்தான் பதிந்திருக்கிறார். கடைசியில் நிறுத்திவிட்டோம் என்று நினைத்து, "ஏ பாக்கியம், தண்ணி கொண்டா" என்று கத்தியதும் சேர்ந்து பதிவாகிவிட்டது. அதை வெட்டத் தெரியாமல் அப்படியே ஓடவிட்டதில், அந்தக் காடு நாள் முழுக்க அக்காவைத் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. "உசுரோட இருந்தப்ப எரிச்சலா வரும் தம்பி. இப்ப அதுக்குத்தேன் ஏங்கிக் கெடக்கேன்" என்றார். அவர் குரல் வேறு எதிலும் இல்லை. அவர் போன பிறகு போன், புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டுத் திறக்கச் சொன்னது. அக்காவுக்குக் கோடு தெரியாது. அக்கம்பக்கத்தில் ஆளாளுக்குப் போட்டுப் பார்த்து அது ஒரேயடியாகப் பூட்டிக்கொண்டது.

இங்கேதான் சிக்கல். அந்தப் பூட்டை உடைத்தால் உள்ளே இருப்பதைப் போன் தானாகவே அழித்துக்கொள்ளும். திருடன் கையில் கிடைத்தாலும் ஒன்றும் கிடைக்கக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். சில பழைய மாடலில் மட்டும் அழியாமல் திறக்க ஒரு குறுக்குவழி உண்டு, அதுவும் பாதிக்குப் பாதிதான். குரல் கிடைத்தாலும் கிடைக்கும், அடியோடு போனாலும் போகும் என்று ஒளிக்காமல் சொன்னேன். அக்கா போனை மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தார்.

"பண்ணுங்க தம்பி. கதவப் பூட்டி வச்சுக்கிட்டு, உள்ள ஆள் இருக்காருன்னு எம்புட்டு நாளைக்குச் சொல்லிக்கிட்டு இருக்க?"

செய்தேன். போய்விட்டது. திரை வெளிச்சமாகி, புதுப் போன் மாதிரி "எந்த மொழி வேண்டும்" என்று கேட்டது. தோண்டித் துருவிப் பார்த்தேன், துடைத்து வைத்த பாத்திரம்போல இருந்தது. அக்கா அழவில்லை, "சரி தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, போனைக்கூட எடுக்காமல் எழுந்து போனார். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை. அன்றைக்கு நோன்பு திறக்கும்போது கஞ்சியைத் தொடவில்லை.

மறுநாள் மதியம் போனைக் கொடுக்க நானே வண்டியில் போனேன். குரல்தான் போயிற்று, சோளமாவது மிஞ்சட்டும், வேறு யார் குரலையாவது பதிந்து கொடுக்கலாம் என்று நினைப்பு. நல்ல வெயில். சிறுமலை தூரத்தில் புகைபோல நின்றது. காற்று வீசும்போது சோளத்தட்டை உரசுகிற சத்தம் ஒரு பக்கம் ஆரம்பித்து மறுபக்கம் போய் முடியும், கண் தானாகச் சொக்கியது. தட்டைகளுக்கு நடுவே மயில்கள் தம் வீட்டில் நடப்பதுபோல நடந்துகொண்டிருந்தன. பாவம், அக்கா ஒரு குச்சியால் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். கத்த அவரால் முடியவில்லை, தொண்டை கட்டிப்போயிருந்தது. நானே பதிகிறேன் என்றேன்.

வேப்பமரத்தடியில் நின்றேன். மேலே கிளையில் குழாய் ஸ்பீக்கர், சிவப்பு விளக்கு எரிந்தது. அதைப் போனோடு நான் இன்னும் இணைக்கவே இல்லை, இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். போனில் பதிவைத் தொடங்கிவிட்டு, "ஹேய், ஹோய்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மயில் ஒன்று அகவிக்கொண்டு பறந்தது. பிறகு காடே அடங்கியது. காற்றும் நின்றது, தட்டை ஒன்றுகூட அசையவில்லை.

அப்போது மேலே இருந்து ஓர் ஆண் குரல் வந்தது. அந்த ஸ்பீக்கரில் எது வந்தாலும் கீச்சென்று காதைக் கிழிக்கும். இது அப்படியில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல்.

"பாக்கியம், பாய் வெயில்ல நிக்கிறாரு பாரு. தண்ணி குடு."

எனக்குப் பயமே வரவில்லை, அதுதான் அதிசயம். வீட்டுக்கு வந்தவனை வீட்டுக்காரர் உபசரித்தால் எப்படிப் பதில் வருமோ அப்படி வந்தது. "இருக்கட்டும்ணே, நோன்பு" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது.

திரும்பினால் அக்கா தண்ணீர்ப் பானைப் பக்கத்திலிருந்து சொம்போடு வந்துகொண்டிருந்தார். சொம்பை வரப்பில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். அப்போதுதான் அழுதார்.

"பதிவுல மயிலத்தேன் வெரட்டுவாரு தம்பி, என்னையும் கத்தித்தேன் கூப்புடுவாரு. இது வீட்ல பேசுற குரலு."

நோன்பு மயக்கம் என்று சொல்லப்போகிறீர்கள், என் மச்சானும் அதைத்தான் சொன்னான். நோன்பு எனக்கு, அக்காவுக்கு என்ன மயக்கம்? அந்தப் பதிவை நூறு தடவை கேட்டாயிற்று. என் கத்தல் இருக்கிறது, மயில் இருக்கிறது. அப்புறம் ஓர் அமைதி. அடுத்து பானைக்குள் சொம்பு முட்டுகிற சத்தம். அதற்குப் பிறகுதான், தெளிவாக, "இருக்கட்டும்ணே, நோன்பு." என்னைத் தவிர வேறு மனிதக் குரலே இல்லை. போனில் அந்த ஒரு பதிவைத் தவிர வேறு எதுவுமே இல்லை.

கடைசி வார்த்தையை வெட்டித் தருகிறேன் என்றேன், அக்கா விடவில்லை. ஆகவே வருஷம் முழுக்க அந்தக் காட்டில் நான் மயிலை விரட்டிக்கொண்டும், நோன்பு என்று சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். ஊரில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அந்தச் சோளம் தப்பித்தது.

இதோடு முடிந்திருந்தால் நானும் ஏதாவது காரணம் சொல்லி மனதைத் தேற்றியிருப்பேன். போன மாதம் நத்தம் ரோட்டில் ஒரு வேலையாகப் போனவன், அக்காவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வண்டியைத் திருப்பினேன். வீடு பூட்டியிருந்தது. மகள் வீட்டுக்குப் போய் ஒரு வாரமாகிறது என்றார்கள். தாகம் வேறு. சோலார் பலகையில் ஓடுகிற ஸ்பீக்கரில் என் குரல் "இருக்கட்டும்ணே, நோன்பு" என்றது. அன்றைக்கு எனக்கு நோன்பு இல்லை.

வேப்பமரத்தடி வரப்பில் சொம்பு இருந்தது. மேலே ஒரு தட்டு மூடியிருந்தது. எடுத்தேன், தளும்பத் தளும்பத் தண்ணீர், பானையிலிருந்து அப்போதுதான் மொண்டதுபோலச் சில்லென்று. சுற்றிலும் ஆள் இல்லை.

குடித்தேன். சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்து, "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.