குவாலின் கூண்டு

அந்தச் சிறிய விலங்குக் காட்சிசாலையில் எல்லோரும் அவளைப் பூட்டக்கா என்றே கூப்பிட்டார்கள். போட்ட பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்க்காமல் எந்தக் கூண்டை விட்டும் அவள் நகர்ந்ததில்லை.

அன்று புதிதாக ஒரு நீர்நாய் வரவிருந்தது. காலிக் கூண்டு இல்லை. மரநாயைத் தூக்கி, குவால் என்ற ஆஸ்திரேலிய விலங்கோடு விட்டால் ஒரு கூண்டு மிச்சம் என்று முடிவு கட்டிவிட்டார் மேலாளர்.

"ரெண்டும் ஒரே உயரம், ஒரே மாதிரி பல்லு, ரெண்டுமே ராத்திரி வேட்டை. அண்ணன் தம்பி மாதிரி இருந்துக்கும்."

"நீங்களும் என் வீட்டுக்காரரும் ஒரே மாதிரி வழுக்கைதான் சார். அதுக்காக உங்கள வீட்டுக்குள்ள விட்டுட முடியுமா?"

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்கிச் சமாளித்தார்கள்.

மரநாய், நாய் பூனை வகையறா. வெள்ளைப் புள்ளி போட்ட குவாலோ கங்காருவுக்குத் தூரத்துச் சொந்தம். அரிசி அளவில் குட்டி போட்டு வயிற்றுப் பையில் வைத்து வளர்ப்பது. வம்சம் வேறு. ஒரே பிழைப்பைப் பிழைத்ததில் சாயல் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். இந்தக் குவாலின் வயிற்றில் இப்போது ஆறு குட்டிகள் தொங்கிக்கொண்டிருந்தன. மரநாய்க்கு அவை ஆறு கவளம்.

அவளிடம் பேசிப் பயனில்லை என்று, அங்கேயே வேலை பார்த்த அவளுடைய கொழுந்தனை ஏவினார் மேலாளர். அவன் மரநாயைப் பெட்டியில் அடைத்துத் தூக்கி வந்தபோது, அண்ணி குவால் கூண்டுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பூட்டு உள்பக்கம் தொங்கியது.

"வெளிய வாங்க அண்ணி. என் வேலைக்கும் சேத்து உலை வைக்காதீங்க."

"பெட்டிய இறக்கி வைடா, கை வலிக்கும்."

"இப்ப வரலைன்னா சஸ்பெண்ட்!" என்று கத்தினார் மேலாளர்.

"தாராளமா பண்ணுங்க. கதவு திறக்காது."

வாசலில் நீர்நாய் வந்த வண்டி ஹாரன் அடித்துத் தீர்த்தது. கடைசியில் மரநாய் பழைய கூண்டுக்கே திரும்பியது; நீர்நாய் மேலாளரின் குளியலறைக்குப் போனது. அவள் வெளியே வந்த கையோடு ஒரு வாரம் சஸ்பெண்ட்.

மறுநாள் காலையில் அவள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். குவால் கூண்டின் எதிரில் போய் நின்றுகொண்டாள். மேலாளர் அந்தப் பக்கம் வந்தார், பார்த்தார், வந்த வழியே திரும்பினார்.

"வீட்டுக்குப் போகலயா அண்ணி?" என்றான் கொழுந்தன்.

"காசு குடுத்துப் பாக்க வந்திருக்கேன். பேச்சக் குறைச்சுட்டு அந்தத் தண்ணிக் கிண்ணத்தக் கழுவு."