டிரம் வரிசையில் ‘ஏ’ கிடையாது

அந்தக் குழுவின் பாட்டு ஒன்றுகூட எனக்குப் பிடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்துக்காரர்கள் ஐந்து பேர். கிட்டாரை அடி அடியென்று அடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்துவார்கள். அவர்கள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவன் ஆசையாக அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் நான் வேண்டுமென்றே தப்பாகத் திருப்பிச் சொல்லி அவனை வெறுப்பேற்றியிருக்கிறேன். இப்போது மட்டும் சரியாக எழுதி என்ன ஆகப்போகிறது?

அவன் என்று சொன்னது எங்கள் கம்பெனி பர்னஸ்காரனை. ஸ்ரீபெரும்புதூரில் நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே, லாரிகளுக்கு ஸ்பிரிங் செய்யும் கம்பெனி. நானும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் டைம் ஆபீஸில் எழுத்தர்: யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எந்த ஷிப்ட் என்று எழுதுவதுதான் என் பிழைப்பு. அவன் இரும்பைப் பழுக்கக் காய்ச்சும் பர்னஸில் ஆபரேட்டர். பென்னலூர்க்காரன். சர்ச்சில் டிரம் வாசித்துக் கைவந்தவன். என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “இன்னா டைமாபீசு” என்பான்.

கம்பெனியில் எங்களுக்கு ஓர் ஆர்கெஸ்ட்ரா இருந்தது. ஐந்து பேர். நான் பாட்டு, அவன் டிரம், மற்ற மூவரும் ஆர்மோனியம், கிட்டார், தபேலா. வருஷத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜையன்று சாயங்காலம், ஷெட் வாசலில் மேடை போட்டுப் பாடுவோம். மற்ற நாளெல்லாம் என்னை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்; அன்றைக்கு நான்தான் ராஜா. அந்த ஒருநாள் ராஜாவுக்காகத்தான் இவ்வளவும் நடந்தது.

அவனுக்கு அந்த இங்கிலாந்துக்காரர்கள் மேல் பைத்தியம். மெட்ராஸுக்குப் போனால் நடைபாதைக் கடையில் பழைய இங்கிலீஷ் சங்கீதப் பத்திரிகைகளை அள்ளிக்கொண்டு வருவான். படிக்க வராது. மத்தியானம் கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் பத்திரிகையை என் முன்னால் விரிப்பான். “படிச்சு சொல்லுடா.” நான் சலித்துக்கொண்டே படித்துத் தமிழில் சொல்வேன். அந்தக் குழுவின் கதை முழுக்க அவனுக்கு என் வாயால் தெரிந்ததுதான்.

பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள் சேர்ந்து ஆரம்பித்த குழு. இரண்டாம் வருஷமே ஒரு கிட்டார்காரன் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டான். பாடுகிறவன் தனியாகப் பெரிய ஆளாகலாம் என்று கிளம்பி, நான்கு வருஷம் கழித்துத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். ஒரு முழு வருஷம் ஒருவரோடு ஒருவர் பேசாமல், ஆனால் ஒரே பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் வாசித்திருக்கிறார்கள். நடுவில் இரண்டு மூன்று ரெக்கார்டுகளை யாரும் வாங்கவில்லை. பத்திரிகைகள் அத்தனை பேரும் சேர்ந்து, இவர்கள் கதை முடிந்தது என்று எழுதியிருக்கிறார்கள். இருபது வருஷம் தாண்டியும் முடியவில்லை.

“இத்த எல்லாம் எழுதி வைக்கணும்டா. ஒரு மஸ்டர் தாள் குடு” என்றான் ஒருநாள். மஸ்டர் என்பது வருகைப் பதிவேடு. இடது பக்கம் ஆள் பெயர், குறுக்கே மாதத்துக்கு முப்பத்தொரு கட்டம். வந்தால் ‘பி’, வராவிட்டால் ‘ஏ’, கம்பெனி வேலையாக வெளியே அனுப்பப்பட்டால் ‘டி’, அதாவது டூட்டி. ஆள் இங்கே இல்லை, ஆனால் கணக்கில் இருக்கிறார் என்று அதற்கு அர்த்தம். பழைய தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன். அவன் ஒரு கட்டத்தை ஒரு வருஷமாக வைத்துக்கொண்டு அந்த ஐந்து பேருக்கும் மஸ்டர் போட்டான். பெயர்கள் எழுத வராததால் பாட்டு, கிட்டார், டிரம் என்று வேலையை எழுதினான். பாட்டுக்காரனுக்கு நான்கு ‘ஏ’. கிட்டார்காரன் வரிசையில் ஆள் மாறிய இடத்தில் ஒரு கோடு. டிரம் வரிசையில் மட்டும் ஒரு ‘ஏ’ கூடக் கிடையாது. தாளின் கீழ்ப்பாதியைக் காலியாக விட்டிருந்தான்.

“இது நம்ம செட்டுக்கு. நாமளும் ஓட்டுவோம் இல்ல?” என்றான்.

டிரம் வரிசையில் ஓர் இடத்தில் ‘டி’ இருந்தது. அதற்கும் நான் படித்துச் சொன்ன கதைதான் காரணம். ஒரு ரெக்கார்டுக்கு மற்ற நால்வரும் வேறு டிரம்காரனை வைத்து வாசிக்க முடிவு செய்தார்கள். பழைய ஆளை உட்காரவைத்து, நால்வரும் எதிரே நின்று, இந்தத் தடவை நீ வேண்டாம் என்று சொன்னார்கள். அவன் வீட்டுக்குப் போகவில்லை. அத்தனை நாளும் ரெக்கார்டிங் நடந்த இடத்தில் ஒரு மூலையில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடுத்த ரெக்கார்டுக்கு மறுபடி அவன்தான் வாசித்தான்.

“வெளியே அனுப்பினதுக்கு அப்புறம் என்னடா ‘டி’? ‘ஏ’ போடு” என்றேன்.

“அங்கியேதானே குந்திகினு இருந்தான்? அப்பறம் எப்படி ஏ? ஆனா ஒண்ணு பாத்தியா, மூஞ்சுக்கு நேரா சொன்னானுங்க. அதான்டா இத்தினி வருசம் ஓடுது.”

நான் இட்லியைப் பிட்டுக்கொண்டே, ஆமாம் ஆமாம் என்றேன்.

1991-இல் கம்பெனி மனமகிழ் மன்றம் ஒரு கீபோர்டு வாங்கியது. பட்டனை அழுத்தினால் அதுவே டிரம் அடித்தது. என் புத்தி உடனே முந்தின வருஷ ஆயுத பூஜைக்குப் போனது. அன்றைக்கு ஒரு சோகப் பாட்டின் நடுவே அவன் திடீரென்று டிரம்மை உருட்ட ஆரம்பித்து நிறுத்தாமல் உருட்டினான். முன்வரிசையில் மேனேஜர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு வருஷமாக என் காதில் இருந்தது. இங்கிலாந்துக்காரன் பைத்தியத்தில் என் பாட்டைக் கெடுத்துவிட்டான் என்று கருவிக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் அப்படி நடக்கக் கூடாது. மே மாதத்தில் எங்கள் ஊர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது நாடறிந்தது. அதற்குப் பிறகு கம்பெனியில் யாருக்கும் மைக் கட்டும் மனது வரவில்லை. ஐந்து மாதம் கழித்து நடக்கிற முதல் விழா. எல்லோரும் குடும்பத்தோடு வருவார்கள். மெஷினை வைத்துச் சுத்தமாகப் பாட வேண்டும். மற்ற மூவரும் உன் இஷ்டம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அவனிடம் சொல்ல வேண்டியவன் நான்.

சொல்லவில்லை. ஷிப்ட் சார்ட்டை எடுத்தேன்.

ஆயுத பூஜையன்று மெஷின்கள் எல்லாம் நிற்கும்; பர்னஸை மட்டும் அணைக்க முடியாது. இரண்டாம் ஷிப்டில், மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ராத்திரி பத்து மணிவரை, யாராவது ஒருவர் காவல் இருக்க வேண்டும். அந்த வருஷம் இன்னோர் ஆபரேட்டரின் முறை. சார்ட்டில் அவர் பெயரை அடித்துவிட்டு மேலே இவன் பெயரை எழுதினேன். நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அரை நிமிஷ வேலை.

அவன் நேராக டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தான். “இன்னா டைமாபீசு, எம் பேரு ரெண்டாவது ஷிப்ட்ல கீது?”

“மேனேஜர் மாத்திட்டாருடா. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்.”

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். என்னையே பார்த்தான். நான் பேனாவுக்கு மை ஊற்றுகிற மாதிரி பாவனை செய்தேன்.

“மேனேஜரா?”

“ஆமாண்டா.”

“செரி. மேனேஜர் சொன்னா நீ இன்னா பண்ணுவ” என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நம்பிவிட்டான் என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு, ஆனால் இருந்தது.

விழா நன்றாகவே நடந்தது. மூன்றாவது பாட்டில் மட்டும் சரணத்தில் ஒரு வரி மறந்துபோனது. நான் தடுமாறி நிற்க, மெஷின் பாட்டுக்கு டக்கு டக்கென்று போய்க்கொண்டே இருந்தது. எங்கே சேர்ந்துகொள்வதென்று தெரியாமல் விழித்து, பாதி வரியை முழுங்கி எப்படியோ ஒட்டிக்கொண்டேன். கைதட்டினார்கள். மேனேஜர் மனைவி, “இந்த வருஷம் சுத்தமா இருந்தது” என்றார்.

பொரியும் சுண்டலும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு பர்னஸ் ஷெட்டுக்குப் போனேன். நல்லவன் வேஷத்தை முழுசாகப் போட வேண்டாமா? குழாய் ஸ்பீக்கர் அந்தப் பக்கம் பார்த்துத்தான் கட்டியிருந்தது. அவன் எண்ணெய் டிரம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். பொட்டலத்தை வாங்கிப் பிரித்தான்.

“மூணாவது பாட்டுல வரிய வுட்டுட்ட” என்றான்.

“கொஞ்சம் மறந்துட்டேன்.”

“மெஷினு நிக்காது. நானா இருந்தா நின்னிருப்பேன்.” ஒரு வாய் பொரியைப் போட்டுக்கொண்டான். “போன வருசமும் அதே மாதிரிதான் வுட்ட. நீ புடிக்கிறவரிக்கும் உருட்டிகினே இருந்தேன், ஞாபகம் கீதா?”

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தச் சோகப் பாட்டு. இரண்டாம் சரணம் ஆரம்பிக்க வேண்டிய இடம். தொண்டையில் வார்த்தை வராமல் நான் நின்றது. பின்னால் டிரம் உருண்டுகொண்டே இருந்தது. அவன் என் பாட்டைக் கெடுக்கவில்லை. என் மானத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் சிரித்தது என்னைப் பார்த்துத்தான்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. பர்னஸ் கதவைத் திறந்து பார்க்க அவன் எழுந்து போனான். அந்தச் சாக்கில் நானும் நழுவிவிட்டேன்.

அதன் பிறகு அவன் ஒத்திகைக்கு வரவில்லை. கேட்டால் கை வலி என்பான். டிரம் செட்டைச் சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். கேன்டீனில் என்னோடுதான் சாப்பிட்டான். பத்திரிகை மட்டும் கொண்டுவரவில்லை. இரண்டு வருஷத்தில் ஆர்கெஸ்ட்ராவும் நின்றுபோனது. எல்லாப் பாட்டுக்கும் ஒரே அடியைப் போடும் மெஷினை எத்தனை வருஷம் கேட்பார்கள்? அவன் ஒருநாள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனான். மாலை போட்டு அனுப்பினோம். அன்றைக்கும் நான் சொல்லவில்லை.

அந்த ஆயுத பூஜைக்குப் பதினைந்து வருஷம் கழித்துக் கம்பெனி ஒரகடத்துக்கு இடம் மாறியது. பழைய கோப்புகளை அழிக்கும் முன் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை என் தலையில் விழுந்தது. அப்படித்தான் 1991 அக்டோபர் ஷிப்ட் சார்ட் கையில் வந்தது. அடித்த பெயர், மேலே எழுதிய பெயர். அதற்குப் பக்கத்தில், சின்னதாக, என் சுருக்கொப்பம், தேதியோடு.

டைம் ஆபீஸில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இது ஒன்றுதான்: திருத்தினால் திருத்தியவர் பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். தினம் இருபது இடத்தில் போடுகிற கை. திருட்டுத்தனம் செய்யும்போதும் அது தன் பழக்கத்தை விடவில்லை. மேனேஜர் மாற்றியிருந்தால் அங்கே மேனேஜர் சுருக்கொப்பம் இருந்திருக்கும். கம்பெனியில் கடைசிக் கூலியாளுக்கும் தெரிந்த விஷயம். போர்டில் அதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் என் ஜன்னலுக்கு வந்திருக்கிறான். “மேனேஜரா?” என்று இரண்டாம் தடவை கேட்டது அதனால்தான். நான் சொல்வேன் என்று கொஞ்ச நேரம் நின்றும் பார்த்திருக்கிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பென்னலூர் போனேன். மாடியில் கம்பெனி ஆட்களுக்கு ரூம் வாடகைக்கு விட்டுவிட்டுக் கீழே இருந்தான். சார்ட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். “நான்தாண்டா மாத்தினேன். உன்னை வேண்டாம்னு சொல்லத் தைரியம் இல்ல” என்றேன். அழுகை வந்தது.

அவன் சார்ட்டைக் கையில்கூட எடுக்கவில்லை. “இத்த நான் அன்னிக்கே பாத்தேனே. நாளிக்கு சொல்லுவான், நாளிக்கு சொல்லுவான்னு பாத்துகினு இருந்தேன். ரிட்டயர் ஆவுற அன்னிக்குக் கூட மாலைய போட்டுக்கினு உன் மூஞ்சியத்தான் பாத்தேன்.” குரல் ஏறியது. “வேணாம்னு மூஞ்சுக்கு நேரா சொல்லியிருந்தா, வந்து முன்னாடி குந்திகினு உன் பாட்ட கேட்டிருப்பேன்டா. அந்தக் கதைய எனக்குப் படிச்சு சொன்னதே நீதானே.”

எழுந்து உள்ளே போய் பீரோவைத் திறந்தான். அந்த மஸ்டர் தாளைக் கொண்டுவந்தான். மடிப்பெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. முப்பத்தொரு கட்டமும் நிறைந்து, பக்கத்தில் நோட்டுத் தாளை ஒட்டி ஸ்கேலால் கோடு போட்டு இழுத்திருந்தான். முதல் தாளுக்கு என்னிடம் வந்தவன் இரண்டாவது தாளுக்கு வரவில்லை. பத்திரிகையை மாடியில் இருக்கிறவர்களில் யாரோ படித்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்த இங்கிலாந்துக்காரர்கள் கிழவர்களாகி இன்னும் மேடையேறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய டிரம் வரிசையில் அப்போதும் ‘ஏ’ கிடையாது.

கீழ்ப்பாதி எங்களுடையது. 1991 கட்டத்தில் எங்கள் நால்வருக்கும் ‘பி’. டிரம்முக்கு ‘டி’. அடுத்த வருஷமும் அதேதான். ஆர்கெஸ்ட்ரா நின்ற பிறகு நால்வருக்கும் வரிசையாக ‘ஏ’. டிரம்முக்கு மட்டும் ‘டி’, ‘டி’, ‘டி’ என்று போன வருஷம்வரை. அத்தனை வருஷமும் அவன் தன்னைக் கணக்கிலிருந்து எடுக்கவே இல்லை. பர்னஸ் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் கூப்பிடுவோம் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

பேனாவை எடுத்தேன். பாட்டு வரிசையில் 1991 கட்டத்தைத் தேடி, என் ‘பி’யை அடித்துவிட்டு ‘ஏ’ போட்டேன். பக்கத்தில் என் சுருக்கொப்பத்தையும் போட்டேன்.

அவன் தாளைத் தன் பக்கம் திருப்பி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தான்.

“தேதி போடல” என்றான்.