அணைய மறுத்த கம்ப்யூட்டரும் டோக்கன் அக்காவும்

பல் கிளினிக்கின் முன்மேஜையில் அவர் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களுக்கு எண் எழுதிய பிளாஸ்டிக் வில்லையை எடுத்துக் கொடுப்பதால் டோக்கன் அக்கா என்று பெயர் வந்தது. எழுபது வயதைத் தாண்டியவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பல்வலியோடு வருகிறவர்களுக்கு வயது வித்தியாசம் பார்க்கப் பொறுமை இருப்பதில்லை.

கிளினிக்கில் வேலை செய்தவர்கள் மூன்று பேர்: டாக்டரம்மா, கருவிகளை எடுத்துக் கொடுக்கும் நர்ஸ், அக்கா. இவர்களைத் தவிர, அக்காவின் மேஜைக்கடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. பதினான்கு வருடத்து நோயாளிகளின் வாய்கள் அதற்குள்தான். யாருக்கு எந்தப் பல்லில் ஓட்டை, யாருக்கு எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்ற விவரம், எக்ஸ்ரே படங்கள், எல்லாமே. அந்த எக்ஸ்ரே புரோகிராமை எழுதிய கம்பெனியை மூடிப் பல வருடம் ஆகிறது. புதுக் கம்ப்யூட்டரில் அது ஓடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் பழையது அப்படியே இருந்தது.

ஒரு திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு அக்கா வழக்கம்போல் 'ஷட் டவுன்' அழுத்தினார். திரை கறுத்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு கதவு வரை போயிருப்பார், பின்னால் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், கம்ப்யூட்டர் காலை வணக்கம் சொல்கிற மாதிரி எழுந்துகொண்டிருந்தது. அது முழுசாக எழப் பதினெட்டு நிமிடம் பிடிக்கும். காத்திருந்து மறுபடி அணைத்தார். மறுபடி எழுந்தது. மூன்றாம் தடவைக்குள் மணி ஏழாகிவிட்டது.

வாசலில் ஸ்கூட்டரோடு நின்றிருந்த கணவர் பொறுமை இழந்து உள்ளே வந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். உலகத்தில் எதைக் கண்டாலும் லிஃப்ட்டோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்.

"லிஃப்ட்டா இருந்தா மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போயிட்டே இருப்பேன்."

"இதுக்குள்ள ஆளுங்க இருக்காங்க."

"லிஃப்ட்டுக்குள்ளயும்தான் இருப்பாங்க."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். "பிளக்கைப் பிடுங்கிட்டு வீட்டுக்குப் போம்மா. நான் பல்லையே பிடுங்கறேன், நீ ஒரு பிளக்குக்குப் போய் யோசிக்கறே."

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான் நடந்தது. எட்டாம் நாள் பிளக்கைப் பிடுங்கியதில், அன்று மதியம் பதிந்ததெல்லாம் காணாமல் போனது. போனது யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் டைல்ஸ் போடுகிறவர் ஒருவர் கடைவாய்ப் பல்லை எடுத்துக்கொள்ள வந்தபோதுதான் தெரிந்தது. திரையில் அவருடைய ரெண்டு வருடத்துப் பழைய குறிப்பு மட்டும் இருந்தது. மேல் வரிசை, வலப்பக்கம். அந்தப் பல்லும் அப்படியொன்றும் நல்ல பல் இல்லை. டாக்டரம்மா ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். அந்த மனிதரோ வாய் நிறையப் பஞ்சு வைத்துக்கொண்டு, டாக்டருக்குத் தெரியாததா என்று படுத்திருந்தார்.

மேஜையில் இருந்த அக்காவுக்கு நர்ஸ் 'வலப்பக்கம்' என்று சொன்னது காதில் விழுந்தது. போன வாரம் அதே ஆள் ஈரக் கைக்குட்டையை இடது கன்னத்தில் அழுத்திக்கொண்டு ஒரு மணி நேரம் தன் எதிரே உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, நோயாளி படுத்திருக்கும்போது உள்ளறைக் கதவைத் தட்டாமல் திறந்தார்.

"டாக்டர், அவருக்கு வலி இடது பக்கம்."

டாக்டரம்மா அந்த ஆளைப் பார்த்தார். அவர் பேச முடியாமல் இடது கையை மட்டும் உயர்த்தி ஆட்டினார்.

அதற்கப்புறம் யாரும் பிளக்கைத் தொடக்கூடாது என்றாகிவிட்டது. கம்ப்யூட்டரை அப்படியே ஓடவிட்டு, திரையை மட்டும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர் வரவழைக்கப்பட்டார். நாற்பதைக் கடந்தவர். எல்லா நோய்க்கும் ஒரே மருந்து வைத்திருந்தார்.

"பார்மட் பண்ணிடலாம்."

"பண்ணினா?" என்றார் அக்கா.

"புதுசு மாதிரி ஆயிடும்."

"உள்ள இருக்கறதெல்லாம்?"

"அதெல்லாம் போயிடும். அதனாலதானே புதுசு மாதிரி ஆகுது."

அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, அக்கா டாக்டரம்மாவிடம், "நானே பாக்கட்டுமா?" என்று கேட்டார். டாக்டரம்மா, "உடைச்சிடாதே" என்றார். அதை அனுமதி என்று அக்கா எடுத்துக்கொண்டார்.

அக்கா கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றது. ஆனால் பள்ளியில் ஒன்றில் மட்டும் அவரை யாரும் மிஞ்சியதில்லை. ரசாயன வகுப்பில் கொடுக்கிற வெள்ளைப் பொடி எந்த உப்பு என்று கண்டுபிடிப்பது. மற்றவர்கள் நாலைந்து திராவகத்தை ஒரே நேரத்தில் ஊற்றிவிட்டு விழிப்பார்கள். இவர் ஒரு நேரத்தில் ஒன்றை ஊற்றி, என்ன ஆனது என்று எழுதிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். இங்கேயும் அதையே செய்வது என்று முடிவு செய்தார். பகலில் நோயாளிகள் இருப்பதால் கம்ப்யூட்டரை அணைக்க முடியாது. எனவே ஒரு நாளைக்கு ஒரே ஒரு சோதனை, மாலை ஆறு மணிக்கு.

புத்தகம் ஒன்று தேவைப்பட்டது. இவ்வளவு பழைய கம்ப்யூட்டரைப் பற்றிக் கடையில் இப்போது புத்தகம் கிடைப்பதில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் தன் மானிட்டரை உயர்த்தி வைக்க ஒரு தடிப் புத்தகத்தை அடியில் கொடுத்திருந்தார். அதே வயதுப் புத்தகம். அக்கா கிளினிக்கின் பழைய வருகைப் பதிவேடுகள் நான்கைக் கட்டிக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்துவிட்டு, புத்தகத்தை வாங்கி வந்தார். அட்டையில் மானிட்டரின் கால்தடம் வட்டமாகப் பதிந்திருந்தது.

கோடு போட்ட ஒரு நோட்டும் வைத்துக்கொண்டார். அதில் இப்படி இருந்தது: 'நாள் 1. பிரிண்டர் வயரைக் கழற்றினேன். அணைந்தது. எழுந்தது. நாள் 2. பிரிண்டரைத் திரும்பச் செருகி, எக்ஸ்ரே வயரைக் கழற்றினேன். அணைந்தது. எழுந்தது. நாள் 3. பெட்டியைத் திறந்து தூசி தட்டினேன். நர்ஸுக்குத் தும்மல். அணைந்தது. எழுந்தது.'

பதினேழாம் நாள், புத்தகத்தின் முன்னூற்றுச் சொச்சம் பக்கத்தில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. கம்ப்யூட்டர் அணைகிற நேரத்தில் உள்ளே ஏதாவது தவறு நடந்தால், அதைக் காட்டாமல் தானாகத் திரும்பத் தொடங்கும்படி ஒரு டிக் போடப்பட்டிருக்குமாம். அந்த டிக்கை எடுத்துவிட்டால் என்ன தவறு என்று திரையில் நின்று சொல்லுமாம். அக்கா தேடிப் பிடித்து டிக்கை எடுத்தார். ஷட் டவுன் அழுத்தினார். திரை நீலமானது. வெள்ளை எழுத்தில் பத்துப் பன்னிரண்டு வரி ஆங்கிலம் வந்து நின்றது. ஒன்றும் புரியவில்லை. ஆனால் அது எழுந்திருக்கவில்லை.

கணவர் எட்டிப் பார்த்தபோது அக்கா ஒவ்வோர் எழுத்தாக நோட்டில் இறக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதுறே?"

"வாக்குமூலம் குடுக்குது. குறுக்க பேசாதீங்க."

வாக்குமூலத்தில் ஒரு ஃபைலின் பெயர் இருந்தது. அடுத்த நாள் டோக்கன் கொடுக்கிற இடைவெளியில் அந்தப் பெயரைக் கம்ப்யூட்டர் முழுக்கத் தேடினார். மாலை நாலு மணிக்கு அகப்பட்டது. வாய்க்குள் விட்டுப் படம் காட்டும் கேமராவுக்கான 'டிரைவர்' அது.

"கம்ப்யூட்டருக்கு எதுக்கு டிரைவர்?" என்றார் கணவர்.

"ஒவ்வொரு சாமானையும் ஓட்ட ஒரு ஆள் வேணுமாம். இந்த ஆள் வண்டி போனப்புறமும் சீட்டை விட்டு எறங்க மாட்டேங்கறான்."

அந்தக் கேமராவை டாக்டரம்மா ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஆசையாக வாங்கினார். இரண்டு தடவைதான் பயன்பட்டது. முதல் நோயாளி தன் கடைவாய்ப் பல்லைத் தலையணை அளவுக்குத் திரையில் பார்த்துவிட்டு எழுந்து போனவர், திரும்ப வரவேயில்லை. இரண்டாவது, டாக்டரம்மா தன் பல்லையே பார்த்துக்கொண்டார். அன்றைக்கே கேமரா இழுப்பறைக்குப் போய்விட்டது.

டிரைவரை நீக்கப் போனால், 'கேமராவை இணைத்துவிட்டுத் தொடரவும்' என்று வந்தது. இழுப்பறையைத் திறந்தால் கேமராவைக் காணவில்லை.

"உங்க வீட்டுக்காரருக்குன்னு நீங்கதானேக்கா கேட்டு வாங்கிட்டுப் போனீங்க?" என்றார் நர்ஸ்.

உண்மைதான். நாலு வருடமாக அந்தக் கேமரா, கைபேசியில் செருகப்பட்டு, லிஃப்ட் குழிக்குள் கண்ணுக்கு எட்டாத சந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டில் கேட்டபோது கணவரின் முகம் சுருங்கியது.

"அது என் வேலைக்கு வேணும்."

"அரை மணி நேரம் குடுங்க."

"நானே கொண்டு வரேன்."

சோப்புப் போட்டுத் துடைத்து, தானே கையில் பிடித்துக்கொண்டு வந்தார். வயரைச் செருகியதும் பழைய புரோகிராம் விழித்துக்கொண்டது. திரையில் அவருடைய கட்டைவிரல் வந்தது, பிறகு மூக்கு வந்தது. டாக்டரம்மா வந்து நின்று பார்த்தார்.

"மூக்குல ஒண்ணும் இல்லை. வாயைத் திறங்க."

அந்தக் குரலுக்கு ஊரில் திறக்காத வாய் இல்லை. அவரும் திறந்தார். கேமரா உள்ளே போனது. கீழ் வரிசையில் ஒரு பல், பாதி கறுத்து, குகை மாதிரி திரையை அடைத்துக்கொண்டு நின்றது. பத்தொன்பது வருடம் அந்தக் கிளினிக் வாசலிலேயே ஸ்கூட்டரை நிறுத்தியவர், ஒரு தடவைகூடப் பல்லைக் காட்டியதில்லை.

"வலிக்கலையா?" என்றார் டாக்டரம்மா.

"எப்பவாவது."

"எப்பவாவதுன்னா?"

"தெனமும்."

"நாளைக்குக் காலைல வாங்க. முதல் டோக்கன்." அக்கா கணவரை ஒரு பார்வை பார்த்தார். பேச்சை வீட்டுக்கு ஒத்திவைத்து, 'நீக்கு' என்பதை அழுத்தினார்.

நீக்கி முடிந்ததும் ஷட் டவுன் கொடுத்தார். நாலு பேரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். திரை கறுத்தது. மின்விசிறியின் சத்தம் மெல்லத் தேய்ந்து நின்றது. சுவர்க்கடிகாரம் ஓடுவது கேட்டது. ஐந்து நிமிடம் ஆனது, பத்து நிமிடம் ஆனது. அது எழுந்திருக்கவில்லை. நர்ஸ் கைதட்டலாமா என்று யோசித்து, டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. உட்கார்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டில், 'நாள் 20. அணைந்தது' என்று எழுதித் தேதி போட்டார்.

"நல்ல வேலை" என்றார் டாக்டரம்மா. நர்ஸ் இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அதற்கு முன் கேட்டதில்லை என்று பின்னால் பலரிடம் சொன்னார்.

மறுநாள் காலை கணவருக்கு வேர்ச் சிகிச்சை தொடங்கியது. லிஃப்ட்டைப் பற்றி நாலு நாள் பேசவில்லை.

விஷயம் தெருவில் பரவியது. தையல் கடைக்காரர் தன் கம்ப்யூட்டரும் அணைய மறுக்கிறது என்று வந்தார். அக்கா மதிய இடைவேளையில் போய், "கடைசியா என்னிக்கு ஒழுங்கா அணைஞ்சது?" என்று விசாரித்து, ஆறு நாளில் சரி செய்தார். ஓட்டுநர் பள்ளியில் ஒன்பது நாள் ஆனது. ரிப்பேர்க்காரரே ஒரு நாள் வந்து, அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அக்கா கூடவே போய் நின்று எடுத்துக் கொடுத்தார். நோட்டை அவர் கையில் தரவில்லை.

மருந்துக்கடைக்காரம்மா வந்தபோதுதான் அக்கா தயங்கினார்.

"அக்கா, எங்க கம்ப்யூட்டர் ஆன் ஆகவே மாட்டேங்குது."

"அது எனக்குத் தெரியாதும்மா. நான் அணைக்கிறது மட்டும்தான்."

மருந்துக்கடைக்காரம்மா முகம் வாடிப் போனார். அக்கா அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் மதியம் புது நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் பக்கத்தில் 'நாள் 1' என்று எழுதினார்.