கை வைக்காத வால்வு

“ஆனந்தராஜ் பக்கத்துல இருக்காராம்மா?” என்றுதான் ராஜ்மோகன் பேச்சை ஆரம்பித்தார்.

“இல்லீங்க சார். நான் கம்பெனியில இருக்கேன். அவரு வூட்ல.”

“நல்லதாப் போச்சு. உங்ககிட்டதான் பேசணும்.”

இளமதி ஈரப் பஞ்சைக் கீழே வைத்தாள். விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனியில் ஃபியூஸ் கட்டைகளுக்கு விளிம்பு துடைக்கும் வேலை அவளுக்கு. ராஜ்மோகன் அவள் கணவனின் சூப்பர்வைசர். வெளிமாநிலத்து அணுமின் நிலையத்திலிருந்து பேசினார்.

“மாசாந்தர டெஸ்ட்ல ஒரு வால்வு மாட்டிக்கிச்சும்மா. கையால திருப்பிவிட்டோம், அடுத்த தடவ அழகாத் திறந்துச்சு. இவரு போயி ‘முதல் தடவை திறக்கவில்லை’ன்னு எழுதிட்டாரு. ‘சுவிட்சை நான் சரியா அழுத்தலை’ன்னு ஒரு வரி மாத்தி எழுதினாப் போதும்.”

“எழுதலன்னா?”

“கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம். நீங்க சொன்னாக் கேப்பாரு.”

“சொல்லிப் பாக்குறேங்க சார்.”

பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்த பெரியம்மாள், “எத்தினி சாரு! என்னிக்காவது எங்கிட்ட இப்பிடி மரியாதையாப் பேசியிருக்கியாடி?” என்றாள். இளமதிக்குச் சிரிப்பு வரவில்லை. குடியிருக்கும் வீடு, மகள் பாரதியின் படிப்பு, எல்லாம் அவன் வேலையை நம்பித்தான் நின்றன.

ஆனந்தராஜ் நல்லூரில் கரும்பு போடும் குடும்பத்துப் பிள்ளை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். அவர்கள் கல்யாணத்தன்று மண்டபத்தில் கரன்ட் போய், ஜெனரேட்டரும் கிளம்பாமல் படுத்துக்கொண்டபோது, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டான். “கடைசியா இத எப்போ ஓட்டினீங்க?” என்று மாப்பிள்ளை கேட்டதற்கு, “வாங்கினப்ப ஓட்டினது” என்றார் மண்டபத்துக்காரர். தாலி கட்டிய கையில் டீசல் வாடை அடித்தது என்று இளமதி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

போன் வந்த அன்று சாயந்தரம் அவள் வீட்டுக்கு வந்தபோது அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். யோசித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிய லீவு அது.

“ஒரு வரிதான? எழுதிக் குடுத்துட்டு வேலயப் பாருங்களேன்.”

“சுவிட்ச நான் சரியாத்தான் அழுத்தினேன்.”

“ஆமாம், உலகத்துலயே நீங்க ஒருத்தருதான் சரியா அழுத்துறவரு.”

அவன் கோபப்படவில்லை. “உலைக்குத் தண்ணி போற வழி அறுந்துபோச்சுன்னா, வேற வழியில உடனே தண்ணி உள்ள போவணும். இல்லன்னா சூடு தாங்காது. அந்த வழியில இருக்குது இந்த வால்வு. எப்பவும் மூடிதான் கெடக்கும். திறக்குதான்னு மாசம் ஒருவாட்டி பாப்போம்.”

“பாத்துட்டுத்தான இருக்கீங்க?”

“எங்க பாத்தோம்? முந்தின நாளு சாயந்தரமே போயி, கையால திருப்பி, கிரீஸ் தடவி, இளக்கி வெச்சிட்டு வந்துடுவோம். விருந்தாளி வர்றதுக்கு முன்ன வூட்டப் பெருக்குற மாதிரி. யாரும் தப்புன்னு நெனக்கல. நானும்தான். இந்த மாசம் வேற வேலையில அது விட்டுப்போச்சு. மாட்டிக்கிச்சு.”

இளமதி நறுக்கின வெங்காயத்தை வாணலியில் போட்டாள். “நெசமாவே ஆபத்து வருதுன்னு வெச்சிக்கங்க. அதுக்கு முந்தின நாளு...”

“யாரு போயி இளக்கி வெப்பாங்க?”

“அப்ப அது கெட்டுப்போயிருக்குதா?”

“தெரியாது. ஒரு மாசம் யாரும் கை வைக்காம விட்டுட்டு, அப்பிடியே சுவிட்சப் போட்டாத்தான் தெரியும்.”

மறுநாள் காலையில் கம்பெனி வாசலில் நின்று அவளே ராஜ்மோகனுக்குப் போன் போட்டாள். “சார், அடுத்த டெஸ்ட் வரைக்கும் யாரும் அந்த வால்வுல கை வைக்க வேணாம். அப்பவும் திறந்துச்சுன்னா நீங்க கேக்குற வரிய அவரு எழுதிக் குடுப்பாரு. ஒத்துக்கலன்னா, எழுதினது எழுதினபடியே மேல போவட்டும்.”

“இது ஆனந்தராஜ் சொன்னதா?”

“நான் சொல்றேங்க சார்.”

 “சரிம்மா. திறந்துச்சுன்னா அந்த வரி என் கைக்கு வந்துடணும்” என்றார்.

“என்னக் கேக்காமயே வாக்குக் குடுத்துட்டியா?” என்று ஆனந்தராஜ் குதித்தான்.

“சரியா அழுத்தினவருதான நீங்க? பயம் என்னாத்துக்கு?”

அடுத்த மாதச் சோதனையில் வால்வு கால்வாசி திறந்து நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தார்கள். மேலே தடவித் தடவி வைத்த கிரீஸ் உள்ளே இறங்கவேயில்லை; வால்வுத் தண்டில் இருந்த பழைய கிரீஸ் காய்ந்து பிசினாகியிருந்தது. வால்வை மாற்றினார்கள். சோதனைக்கு முன்னால் எதையும் தொடக் கூடாது என்று உத்தரவும் வந்தது. புதுப்பித்த கான்ட்ராக்டில் ஆனந்தராஜ் பெயர் இருந்தது. ஆனால் அவனுக்கு வர வேண்டிய சார்ஜ்மேன் பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. கூட வேலை செய்பவர்கள் அவனை இப்போது ‘கை வைக்காதே’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவனும் திரும்பிப் பார்க்கிறான்.

தனக்கென்று எதையும் கேட்கும் பழக்கம் அவனுக்கு இல்லை. ஊறுகாய் பாட்டிலைக்கூட அவளாகத்தான் பையில் வைப்பாள். அந்தச் சோதனைக்காகக் கிளம்பியபோது மட்டும், ஜங்ஷனில் ரயில் நகர்வதற்குக் கொஞ்சம் முன்னால், வாசல் கம்பியைப் பிடித்தபடி குனிந்து கேட்டான்.

“இளமதி, அது திறந்துடுச்சுன்னு வெச்சிக்க. நான் தப்புன்னு எழுதிக் குடுக்கணும். எனக்கு மனசு வராது. ‘இன்னும் ஒரு மாசம் பாக்கலாம்’னு ஏதாவது சாக்குச் சொல்லுவேன். நீ விட்டுடாத. போன்ல திட்டியாவது என்னை எழுத வெச்சிடு.”