பள்ளிப்பட்டு பஸ்ஸை மறித்த நூலகர்

போன வருடம் ஆடிக் கிருத்திகை முடிந்த மறுவாரம் இது நடந்தது. அந்த வாரத்தில் திருத்தணி எப்படிக் கிடக்கும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். காவடிக் கூட்டமெல்லாம் கலைந்துபோய், பேருந்து நிலையத்தில் வாடிய பூவைக் கூடை கூடையாக அள்ளிக்கொண்டிருப்பார்கள். பாதி மாணவர்கள் வகுப்புக்கே வரமாட்டார்கள். ஊருக்குச் சற்று வெளியே இருக்கும் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நான் நூலகர். அன்று நூலகத்தில் மின்விசிறிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

எங்கள் நூலகத்தின் ஒரு மூலையில் நான்கு கணினிகள் உண்டு. மருத்துவம், சட்டம், வணிகம் என்று எல்லாத் துறைக்குமான ஆய்வுக் கட்டுரைகளையும் பார்வை நூல்களையும் அவற்றில் இணையம் வழியாகப் படிக்கலாம். கல்லூரி சந்தா கட்டி வாங்கித் தந்திருக்கும் வசதி. ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேரும் பிள்ளைகளை உட்கார வைத்து நான் அதைப் பற்றித் தொண்டை வற்றப் பேசுவேன். "யூடியூப்ல யாரு வேணும்னாலும் என்ன வேணும்னாலும் சொல்லலாம். இதுல இருக்கறது விஷயம் தெரிஞ்சவங்க எழுதி, இன்னும் நாலு பேரு சரிபார்த்தது" என்பேன். எல்லாரும் தலையாட்டுவார்கள். அப்புறம் அந்த மூலைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஏசி அங்கே இருப்பதால் வெயில் காலத்தில் மட்டும் கொஞ்சம் கூட்டம் சேரும்.

அதனால், பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வகுப்புக்குக்கூடப் போகாமல் அந்தக் கணினியின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தது எனக்குப் பரம சந்தோஷம். நம்முடைய பேச்சு ஒரு காதிலாவது ஏறியிருக்கிறதே என்று உள்ளுக்குள் பூரித்துப் போனேன். என்ன படிக்கிறாள் என்று போய்ப் பார்க்கவில்லை. பின்னால் நின்று எட்டிப் பார்த்தால் பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருக்கும், அடுத்த நாள் வர மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு மேல் அவளே என் மேசைக்கு வந்தாள்.

"மேடம், ஒரு கட்டுரை மட்டும் முழுசா தொறக்க மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். தலைப்பைப் படித்ததுமே என்னவோ போல் ஆகிவிட்டது. வயலில் அடிக்கும் ஒரு களைக்கொல்லியைப் பற்றியது. அது வயிற்றுக்குள் போனால் உடம்புக்கு என்ன ஆகும் என்று எழுதியிருந்தது. பி.காம். படிக்கும் பெண்ணுக்கு இது எதற்கு? "புராஜெக்டாம்மா?" என்று கேட்டேன். "ஆங் மேடம்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். கண் இரண்டும் வீங்கியிருந்தன. நான் கட்டுரையைத் திறந்து கொடுத்துவிட்டு என் இடத்துக்கு வந்துவிட்டேன். அவள் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டாள். பையை மாட்டிக்கொண்டு, "வரேன் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கணினியை அணைக்கலாம் என்று போனபோதுதான் பார்த்தேன். அவள் எதையும் மூடாமல் போயிருந்தாள். வரிசையாகத் திறந்திருந்த பக்கங்கள் எல்லாம் அதே மருந்தைப் பற்றியவை. விழுங்கிய பிறகு எத்தனை நாள், பிழைக்க வழி உண்டா, வலி எப்படி இருக்கும். இரண்டு நாளாக இந்தப் பெண் படித்தது இதைத்தான்.

எனக்குச் சாதாரணமாகவே பயம் ஜாஸ்தி. என் பையன் போனை எடுக்க ஐந்து நிமிடம் தாமதித்தால் போதும், அரக்கோணத்தில் ஆரம்பித்து சென்னை வரை உள்ள எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் மனத்துக்குள்ளேயே ஒரு நடை போய் வந்துவிடுவேன். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்வார்கள். ஆனால் அன்று வந்தது அந்தப் பயமில்லை. முந்தின வாரம்தான் செமஸ்டர் முடிவுகள் வந்திருந்தன. நான் மனத்துக்குள் கூட்டிக் கழித்து ஒரே ஒரு விடைக்குத்தான் வந்தேன்.

நூலகப் பதிவேட்டில் இருந்த அவளுடைய எண்ணுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. வகுப்பு ஆசிரியை விடுப்பு. துறைத் தலைவரிடம் ஓடினேன். அவர், "நாளைக்குக் காலைல கூப்பிட்டுப் பேசிக்கலாம் மேடம், பொண்ணு விஷயம், சட்டுனு எதையும் சொல்லிடக் கூடாது" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். நான் நினைத்தது தப்பாக இருந்தால் ஒரு வயசுப் பெண்ணின் பெயர் கல்லூரி முழுக்க அடிபடும். சரியாக இருந்தால்? நாளைக் காலை என்று ஒன்று அவளுக்கு இருக்க வேண்டுமே! அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

அவள் தினமும் பள்ளிப்பட்டு பஸ்ஸில் வந்து போகிறவள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நிறுத்தத்துக்கு ஓடினால், பள்ளிப்பட்டு பஸ் இப்போதுதான் போனது என்றார் டீக்கடைக்காரர். அந்த ரோட்டில் நான் அப்படி வண்டி ஓட்டியதே கிடையாது. வழி நெடுக முருகா முருகா என்றுதான் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு நிறுத்தத்தில் ஆள் இறக்க பஸ் நின்றது. நான் முன்னால் போய் வண்டியைக் குறுக்கே போட்டேன்.

ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "யம்மா, வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கத்தினார். நான் உள்ளே ஏறினேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தேன். மொத்த பஸ்ஸும் எங்களை வேடிக்கை பார்த்தது. பஸ் கிளம்பிப் போனதும் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பேசித் தீர்க்க முடியாதது எதுவும் இல்லை, அரியரெல்லாம் ஒரு விஷயமா, பெற்றவர்களை நினைத்துப் பார்த்தாயா என்று என்னென்னவோ கொட்டினேன். எனக்கே அழுகை வந்துவிட்டது. அவள் ஒன்றும் புரியாமல் விழித்தாள். பிறகு புரிந்தது போலிருக்கிறது. சட்டென்று கையை உதறிக்கொண்டாள்.

"ஐயோ, எனக்கில்ல மேடம்! எங்க நைனாவுக்கு."

நைனா என்றால் அப்பா. ஞாயிற்றுக்கிழமை காலை கரும்புக்குக் களைக்கொல்லி அடித்திருக்கிறார். பாதியில் ஸ்பிரேயர் நாசில், மருந்து பீய்ச்சும் நுனி, அடைத்துக்கொண்டது. அதைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சி ஊதியிருக்கிறார். அந்தப் பக்கத்தில் நிறையப் பேர் செய்வதுதான். அப்போது ஒரு வாய் மருந்து உள்ளே வந்துவிட்டது. உடனே துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு, மிச்ச வயலுக்கும் அடித்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாராம். மறுநாள் வாயெல்லாம் புண். மருந்துக்கடையில் வாய்ப்புண்ணுக்குத் தடவ ஏதோ வாங்கியிருக்கிறார். ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாலே கோபம் வந்துவிடுமாம்.

"துப்பிட்டேன், ஒன்னும் ஆவாதுன்றாரு மேடம். துப்பிட்டா ஒன்னும் ஆவாதுன்னு எங்கியாவது ஒரு எடத்துல போட்டுக்கீதான்னுதான் ரெண்டு நாளா தேடிகினு இருந்தேன்" என்றாள். சொல்லும்போதே உதடு கோணிக்கொண்டு போயிற்று. வீடியோக்களில் ஆளுக்கு ஒன்று சொன்னார்களாம். நூலகத்தில் இருப்பது பொய் சொல்லாது என்று நான் சொன்னதை நம்பி வந்திருக்கிறாள்.

பெண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று ஒரு மூச்சு விட்டேன். முழுதாக விடக்கூட முடியவில்லை. அவள் திறந்து வைத்திருந்த பக்கங்களை நானும் பார்த்துவிட்டேனே. துப்பினால் போதும் என்று எதிலும் இல்லை. முதல் சில நாள் ஆள் நன்றாக நடமாடுவது போலத் தெரியலாம், அதை நம்பி இருந்துவிடக் கூடாது என்றுதான் எல்லாவற்றிலும் இருந்தது. அவளை வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு அவள் ஊருக்கு விட்டேன்.

அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நல்ல உயரமான, முரட்டு ஆள். காலேஜ் மேடம் என்றதும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலி போடச் சொன்னார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். சிரிக்கும்போது உதட்டோரம் வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தது.

"இன்னாங்க மேடம், இது சொல்லுதுன்னு நீங்க வேற இம்மாந்தூரம் வந்துகினு. ஒரு வாயி. அதுவும் துப்பிட்டேன். நாளைக்கு மோட்டாரு ஆளு வராரு, எனக்கு வேல கீது."

நான் டாக்டர் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவள், இதில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்ட மட்டும்தான் எனக்குத் தெரியும் என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து அவள் படித்திருந்த பார்வை நூலின் பக்கத்தை என் போனில் திறந்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். வாயில் புண் வரும். தொண்டை எரியும். அவர் மாட்டைப் பார்த்தபடி நின்றார். கேட்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. அடுத்து, சிறுநீரகம் கெட்டால் சிறுநீர் குறையும் என்ற வரி வந்தது. அதைப் படிக்க எனக்கு நாக்கு எழவில்லை. முன்பின் தெரியாத ஆண். பக்கத்தில் அவர் பெண். வாசற்படியில் அவர் மனைவி. ஆனால் அந்த வரியைத் தாண்டிப் போகவும் பயமாக இருந்தது.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க" என்று தலையைக் குனிந்துகொண்டே கேட்டேன். "ஒன்னுக்குப் போறது கொறஞ்சிருக்கா?"

அவர் தண்ணீர் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டார். வாசற்படியிலிருந்து அவர் மனைவிதான் பேசினார். "நேத்துலேர்ந்து சரியா போவலன்னு எங்கிட்ட சொன்னாரு. வெயில்ல நின்னதுக்குன்னு நான் நீர்மோரு கரைச்சிக் குடுத்துகினு கீறேன்."

வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் என் போனையே பார்த்தார். "அதும் இதுல எழுதிக்கீதா?" என்று கேட்டார். எழுதியிருக்கிறது அண்ணா, உங்களைப் போல நிறையப் பேருக்கு வந்ததைப் பார்த்துத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றேன். பிறகு கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அவ்வளவு நேரமும் அவருக்கும் பயம்தான்.

நான் 108-க்கு அடித்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் மருந்து பாட்டிலைத் தேடி எடுத்து, இரண்டு கவருக்குள் போட்டுக் கட்டிக்கொண்டோம். திருத்தணி அரசு மருத்துவமனையில் பாட்டிலில் இருந்த பெயரைப் படித்ததும் டாக்டரின் முகம் மாறியது. எப்போது நடந்தது என்று மட்டும் கேட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, அன்று மாலையே சென்னைக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் ஏறும்போது அந்தப் பெண் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான்தான் விரல்களைப் பிரித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. காலையில் எழுந்ததும் போனைத் தொடப் பயம். தொடாமல் இருக்கவும் பயம். சிறுநீரகத்துக்கு டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டார்கள் என்று ஒரு நாள் செய்தி வரும். மூச்சு பரவாயில்லை என்று இன்னொரு நாள். நூலகத்தில் நான் அந்த மூலைப் பக்கமே போகவில்லை. அந்தக் கட்டுரைகளில் அடுத்து என்ன வரும் என்று படிக்கத் தைரியம் இல்லை.

அவர் பிழைத்துக்கொண்டார். உள்ளே போன அளவு கொஞ்சம் என்பது அவர் அதிர்ஷ்டம். சிறுநீரகம் கெட ஆரம்பித்த நேரத்தில் கொண்டுவந்ததால் காப்பாற்ற முடிந்தது, இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர்கள் சொன்னார்களாம். இன்றும் மாதம் ஒரு முறை பரிசோதனைக்குப் போய் வருகிறார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். ஆனாலும் இருக்கிறார்.

அந்தப் பெண் மறுபடியும் கல்லூரிக்கு வந்த அன்று நேராக நூலகத்துக்குத்தான் வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து நான் முந்திக்கொண்டு, நீ தேடிப் படித்ததால்தான் உன் நைனா பிழைத்தார் என்றேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"அந்த வரிய நான் திங்கக்கெழமையே படிச்சிட்டேன் மேடம். புரிஞ்சுது. நைனாகிட்ட போயி அத எப்பிடிக் கேக்கறதுன்னுதான் கேக்கல."

நான் அவளை என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். அவள் அழுத முகத்தோடு இரண்டு நாள் என் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தாள், நானும்தான் கேட்கவில்லை. அந்த வீட்டு மனிதர் இன்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம், ஒரு கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட்டு நாங்கள் இரண்டு பேரும் அவரை எவ்வளவு தூரம் போக விட்டிருந்தோம் என்பதும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.