பென்சில் கோட்டைத் தாண்டிய கை

இன்னிக்குக் காலையில, கும்மிடிப்பூண்டியில என் பிசியோதெரபி கிளினிக்.

கூடப் படிச்ச வித்யா போட்டோ போட்டிருந்தா. எங்க தொழிலுக்கான சர்வதேசச் சங்கத்தோட அடுத்த அஞ்சு வருஷத் திட்டத்தை எழுதுற கமிட்டியில அவளும் இருக்காளாம். கோட்டு, கழுத்துல பேட்ஜ், பின்னாடி பனிமலை.

காலேஜ்ல அவளுக்குத் தோள் எலும்புங்க பேரை மனப்பாடம் பண்ண வெச்சதே நான்தான்.

போட்டோவைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்துட்டிருந்தேன். பக்கத்துல, தோள் இறுகிப்போன கிரேன் ஆபரேட்டர் முனுசாமி அண்ணன், சுவத்துல விரலாலயே மேல ஏறுற பயிற்சி செஞ்சிட்டிருந்தார். சுவத்துல நான் போட்டு வெச்ச பென்சில் கோடு வந்ததும் நான்தான் "போதும்"னு சொல்லணும்.

"மேடம், எம்மா நேரம் ஏறிக்கினே இருக்கிறது?"

நிமிர்ந்து பார்த்தேன். மூணு வாரமா தாண்டாத கோட்டுக்கு நாலு விரல் மேல அவர் கை!

"வலிக்கலையாண்ணே?"

"வலிக்குது மேடம். நீங்க மூஞ்சிய வெச்சிருந்த லட்சணத்துல நிறுத்தட்டுமான்னு கேக்கவே பயமா இருந்துச்சு."

புதுக் கோடு போட்டேன்.

ஆக, வித்யாவோட திட்டம் எழுதி முடிக்கறதுக்கு முன்னாடியே கும்மிடிப்பூண்டியில பலன் குடுத்துடுச்சு.

அவளுக்கு இன்னும் வாழ்த்து சொல்லல. நீங்களே சொல்லுங்க, ஹார்ட்டு போடணுமா, வெறும் லைக் போதுமா?